பெரு ஹோட்டல் பில்லில் 18 சதவீத வரி: யார் கட்ட வேண்டும், யார் கட்ட வேண்டாம்?

கேள்வி: எனக்கு வயது 62, மனைவிக்கு 58. செப்டம்பரில் பெரு நாட்டுக்குப் போகிறோம். லிமாவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கும் மகனும் வந்து சேர்ந்துகொள்கிறான். மச்சு பிச்சு போவதற்கு முன் அரெகிபா நகரில், தோட்டம் உள்ள ஒரு ஹோட்டலில் நான்கு நாள் அக்கடா என்று இருக்க ஆசை. ஹோட்டலின் இணையதளத்தில் ஒரு விலை போட்டிருக்கிறது. எங்கள் ஊர் ஏஜென்ட் அதற்கு மேல் 18 சதவீதம் ‘பெரு அரசு வரி’ என்கிறார், விசா கட்டணமும் கேட்கிறார். எங்களிடம் 10 ஆண்டு அமெரிக்க விசா இருக்கிறது. மகன் ஹோட்டலில் விசாரித்தபோது அவர்களும் வரி உண்டு என்று சொல்லிவிட்டார்கள். கட்டத்தான் வேண்டுமா? தோட்ட ஹோட்டல் என்று போட்டிருப்பதை நம்பலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் அந்த வரி கிடையாது. உங்கள் மகனுக்கு உண்டு. ஹோட்டல்காரர்கள் மகனிடம் சொன்னது சரிதான். ஆனால் அது மகனுக்கான பதில், உங்களுக்கானது இல்லை.

நம் ஜிஎஸ்டி போல பெருவில் இருப்பது ஐஜிவி. பொது விகிதம் 18 சதவீதம். வெளிநாட்டிலிருந்து வரும் பயணி ஹோட்டலில் தங்குவதை 2001-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஏற்றுமதியாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஏற்றுமதிக்கு வரி இல்லை, அவ்வளவுதான் விஷயம். அறை வாடகையோடு, அந்த ஹோட்டலே தரும் சாப்பாடும் இதில் சேரும். ஓர் இரவுக்கு 100 டாலர் என்று வைத்துக்கொண்டால், நான்கு இரவுக்கு 72 டாலர் மிச்சம். சின்னத் தொகை இல்லை.

இதற்கு நீங்கள் காட்ட வேண்டியவை இரண்டு. ஒன்று பாஸ்போர்ட். இன்னொன்று, நீங்கள் நாட்டுக்குள் நுழைந்து 60 நாளுக்கு மேல் ஆகவில்லை என்பதற்கான குடியேற்றத் துறைப் பதிவு. முன்பு விமானத்தில் ஒரு அட்டையைக் கொடுத்து நிரப்பச் சொல்வார்கள். இப்போது எல்லாம் கணினியில். பாஸ்போர்ட்டில் நுழைவு முத்திரை விழுந்திருந்தால் அந்தப் பக்கத்தை வரவேற்பறையில் நகல் எடுத்துக்கொள்வார்கள். முத்திரை இல்லாமல் அனுப்பிவிட்டால், பெருவின் குடியேற்றத் துறையான மிக்ராசியோனெஸின் இணையதளத்தில் உங்கள் பதிவை எடுத்து போனில் வைத்துக்கொள்ளுங்கள். மகன் அங்கேயே இருப்பதால் இதை அவரே செய்து கொடுத்துவிடுவார். ஹோட்டலுக்குள் நுழைந்த உடனே இந்த இரண்டையும் கொடுத்து, “எங்கள் அறைக்கு ஐஜிவி இல்லாமல் பில் போடுங்கள்” என்று சொல்லிவிடுங்கள். கிளம்பும் நாள் காலையில், டாக்சி வாசலில் நிற்கும்போது இந்தப் பேச்சை ஆரம்பித்தால் வேலைக்காகாது. பில்லில் உங்கள் பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியாக இருக்கிறதா, ஐஜிவி என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பணம் கட்டும் கார்டை நீட்டுங்கள். கார்டு மெஷின் ரூபாயில் கட்டுகிறீர்களா, உள்ளூர்ப் பணமான சோலில் கட்டுகிறீர்களா என்று கேட்டால் சோல் என்றே சொல்லுங்கள். ரூபாய் என்று அமுக்கினால் மாற்று விகிதத்தில் அடி விழும்.

இப்போது மகன் விஷயம். இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். பெருவில் வேலை பார்க்கும் வெளிநாட்டவர்களுக்கு அங்கே ஒரு குடியிருப்பு அட்டை கொடுக்கிறார்கள். உங்கள் மகனிடமும் அது இருக்கும். அது கையில் இருக்கிறவரை வரிக்கணக்கில் அவர் அந்த ஊர்க்காரர். பாஸ்போர்ட் இந்திய பாஸ்போர்ட்தானே என்று வாதாடிப் பயனில்லை. எந்த நாட்டுக் குடிமகன் என்பதைச் சட்டம் கேட்கவில்லை, எங்கே வசிக்கிறார் என்பதைத்தான் கேட்கிறது. ஆகவே அவர் தங்கும் அறைக்கு வரி கட்டியே ஆக வேண்டும். சிக்கல் எங்கே வருகிறது என்றால், நம் வீடுகளில் பிள்ளை அங்கே இருக்கிறானே என்று அவன் பெயரிலேயே இரண்டு அறையையும் போட்டுவிடுவோம். அவனும் தன் குடியிருப்பு அட்டை எண்ணைக் கொடுத்து, தன் கார்டிலேயே பணத்தையும் கட்டிவிடுவான். ஹோட்டலின் கணினியில் அது உள்ளூர்க்காரர் எடுத்த இரண்டு அறை என்று பதிவாகிவிடும். அப்பா அம்மா இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று பிறகு எவ்வளவு சொன்னாலும், போட்ட பில்லை ரத்து செய்து மறுபடி போட வரவேற்பறை ஊழியருக்கு மனமும் இருக்காது, பல நேரம் அதிகாரமும் இருக்காது. செலவை மிச்சம் பிடிக்க மூவரும் ஒரே அறையில் படுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறீர்களா? அங்கேயும் இதே வம்பு வரும். ஆகவே இரண்டு அறை, இரண்டு தனித்தனி முன்பதிவு, இரண்டு தனித்தனி பில். உங்கள் அறை உங்கள் பெயரில், உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் இருக்கட்டும். மகன் கம்பெனிக் கணக்கில் எழுதுவதற்காக உங்கள் அறைக்கும் சேர்த்து கம்பெனி பெயரில் பில் கேட்டுவிடக் கூடாது, கேட்டால் உங்கள் சலுகையும் போய்விடும்.

ஏஜென்ட் கதைக்கு வருகிறேன். எனக்கு வரும் கேள்விகளில் பாதி இப்படிப்பட்ட பில்களைப் பற்றியதுதான், படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. வெளிநாட்டுப் பயணிக்கு இல்லாத ஒரு வரியை, ‘அரசு வரி’ என்று தனி வரிசையில் எழுதி வாங்குவது எந்த வகையில் நியாயம்? அந்த 18 சதவீதம் பெரு அரசின் கஜானாவுக்குப் போகிறதா என்று அவரிடமே கேளுங்கள். “ஹோட்டல் எங்கள் பெயரில் போடும் பில்லில் ஐஜிவி காட்டியிருந்தால் அந்தத் தொகையைத் தருகிறேன்” என்று எழுத்தில் சொல்லுங்கள், வாயால் வேண்டாம். நேர்மையான ஏஜென்ட் என்றால் அன்றைக்கே அந்த வரிசையை எடுத்துவிடுவார். ‘எல்லாம் சேர்த்து ஒரே தொகை’ என்று மழுப்பினால் ஹோட்டலை மட்டும் நேரடியாக நீங்களே பதிவு செய்யுங்கள். அங்கே போய்க் கட்டும் வகையில், குறிப்பிட்ட தேதிவரை இலவசமாக ரத்து செய்யும் வசதியோடு எடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே இவரிடம் கொடுத்துவிட்டால், அறை பிடிக்கவில்லை என்றாலும் உங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

பேக்கேஜாக வாங்கினால் டிசிஎஸ் என்று இன்னொரு பிடித்தம் வரும். அது வேறு, நம் நாட்டுச் சட்டப்படி அவர் பிடித்தே ஆக வேண்டும். அந்தத் தொகையை உங்கள் வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விசா கட்டணம் எதற்கு என்றும் கேளுங்கள். 2017-லிருந்து அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஷெங்கன் நாடுகளின் செல்லுபடியாகும் விசா வைத்திருக்கும் இந்தியர் சுற்றுலாவுக்கு பெரு விசா எடுக்க வேண்டியதில்லை. அந்த விசாவில் குறைந்தது 6 மாதம் பாக்கி இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. உங்கள் 10 ஆண்டு விசாவின் முடிவுத் தேதியை எடுத்துப் பாருங்கள். அது பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தால் இரண்டு பாஸ்போர்ட்டையும் கொண்டு போக வேண்டும். இவ்வளவு எளிய தகவலைப் பயணிக்குப் புரிகிற மாதிரி ஒரே இடத்தில் எழுதிப் போட எந்த அலுவலகத்துக்கும் இத்தனை வருடத்தில் நேரம் கிடைக்கவில்லை. ஏஜென்டுகள் பிழைப்பது அந்த இடைவெளியில்தான்.

இனி தோட்டம். அரெகிபாவில் இந்தச் சொல்லை நம்பி மட்டும் அறை எடுக்காதீர்கள். பழைய நகரின் வீடுகள் சில்யார் என்ற வெள்ளை எரிமலைக் கல்லால் கட்டியவை. சுவர் தடிமனாக, பகலில் உள்ளே குளுகுளுவென்று இருக்கும். அந்த வீடுகளில் பல இன்று ஹோட்டல்கள். நடுவில் முற்றம், கல் தரை, சுவரோரம் ஜெரேனியம் தொட்டிகள். படத்தில் பார்த்தால் தோட்டம்தான். ஆனால் அறைகளின் ஜன்னலும் கதவும் அந்த முற்றத்தைப் பார்த்தே திறக்கும். விடியற்காலையில் சுற்றுலா போகிறவர்களின் சக்கரப் பெட்டி அந்தக் கல் தரையில் உருளும் சத்தம் உங்கள் தலையணைக்கே வரும். அழகு வேண்டும் என்றால் அங்கே இருக்கலாம். தூக்கம் வேண்டும் என்றால் செல்வா அலெக்ரே, யனவாரா, கய்மா பக்கம் பாருங்கள். மரம், புல்வெளி, உட்கார நிழல் எல்லாம் உள்ள ஹோட்டல்கள் அங்கேதான் கிடைக்கும். யனவாராவின் கல் வளைவுகளுக்கு நடுவே 5,822 மீட்டர் மிஸ்தி எரிமலை தெரியும். பழைய நகரின் சதுக்கத்துக்கு டாக்சியில் சீக்கிரம் போய்விடலாம். அங்கே டாக்சிக்கு மீட்டர் கிடையாது, ஏறும் முன் கட்டணம் பேசிவிடுங்கள். விமான நிலையத்திலிருந்து வருவதற்கு மட்டும் ஹோட்டலையே வண்டி அனுப்பச் சொல்லுங்கள். ‘அந்த ஹோட்டல் மூடிவிட்டார்கள், வேறு காட்டுகிறேன்’ என்று ஆரம்பிக்கும் ஓட்டுநரிடம் பேச்சே வேண்டாம்.

பதிவு செய்யும் முன் ஹோட்டலுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எங்கள் அறை ஜன்னல் தோட்டத்தைப் பார்க்கிறதா, தெருவையா? அறைக்குள் ஹீட்டர் இருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணமா? இந்த இரண்டு கேள்விக்கும் நேராகப் பதில் எழுதாத ஹோட்டலை விட்டுவிடுங்கள். ஹீட்டரை வலியுறுத்திச் சொல்வதற்குக் காரணம், செப்டம்பரில் பகலெல்லாம் சட்டையோடு தோட்டத்தில் உட்காரலாம், இரவில் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும். மழை பயம் வேண்டாம், அங்கே பெய்யும் கொஞ்சமும் ஜனவரி முதல் மார்ச்சுக்குள் முடிந்துவிடும். வெயில்தான் கவனிக்க வேண்டியது. சூடு தெரியாமலே தோலைக் கருக்கிவிடும், தொப்பி இல்லாமல் புல்வெளியில் கண் அயர்ந்துவிடாதீர்கள்.

மச்சு பிச்சுவுக்கு முன் அரெகிபாவில் தங்குவது என்று யார் யோசித்தார்களோ, நல்ல யோசனை. அரெகிபா சுமார் 2,300 மீட்டர், நம் ஊட்டியை விடச் சற்றே அதிகம். மச்சு பிச்சு போகும் வழியில் அடுத்து வரும் குஸ்கோ நகரம் 3,400 மீட்டர். கடல் மட்டத்து லிமாவிலிருந்து நேராக குஸ்கோவில் கொண்டு இறக்கிவிட்டு, முதல் நாள் முழுக்கத் தலைவலியோடு படுக்க வைக்கும் திட்டங்களைத்தான் ஏஜென்டுகள் விற்கிறார்கள். உங்கள் உடம்பு நடுவில் நான்கு நாள் பழகிக்கொள்ளும்.

ஆனால் அந்த நான்கு நாளில் ஒன்றைக் கோல்கா பள்ளத்தாக்கு ‘ஒரு நாள் சுற்றுலா’ என்று ஏஜென்ட் நிரப்பியிருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு வேன் வரும். பெரிய கழுகு இனமான கோண்டோர் பறக்கும் இடத்துக்குப் பல மணி நேரப் பயணம், வழியில் 4,900 மீட்டர் உயரக் கணவாய். ஒரே நாளில் 2,300-லிருந்து அங்கே ஏறி இறங்குவது உங்கள் வயதில் தேவையில்லாத சோதனை. திரும்பி வந்து மறுநாளும் படுத்தே கிடப்பீர்கள். தோட்டத்துக்காகக் காசு கொடுத்துவிட்டு அதைப் பார்க்காமலே ஊர் திரும்பியவர்கள் நிறைய பேர். கோல்கா பார்த்தே ஆக வேண்டும் என்றால் பள்ளத்தாக்கில் ஓர் இரவு தங்கும் திட்டமாக எடுங்கள், அதற்கும் முன்பாக இரண்டு நாள் அரெகிபாவில் இருந்துவிட்டு. இதய நோய், ரத்த அழுத்த மருந்து ஏதும் இருந்தால் உயரம் பற்றி மருத்துவரிடம் இப்போதே பேசிவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்களை விமான நிலையத்திலேயே நிறுத்திவைக்கக் கூடியது: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அரெகிபா பாலைவன நகரம், அந்த நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இந்திய அரசு நகரத்தைப் பார்ப்பதில்லை, நாட்டைப் பார்க்கிறது. பெரு பட்டியலில் இருக்கிறது. சான்றிதழ் இல்லாமல் நேராக இந்தியா திரும்பினால் 6 நாள்வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். சென்னையில் கிண்டி கிங் நிலையத்திலும் துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, நாள் ஒதுக்கீடும் நாம் நினைத்தபோது அமையாது. இன்னொன்று, 60 வயதைத் தாண்டியவர்கள் முதல்முறை இந்த ஊசி போடுவதில் கூடுதல் கவனம் தேவை. உங்கள் மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகே போட்டுக்கொள்ளுங்கள். அதனால்தான் ஆகஸ்ட் கடைசிவரை தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். டிக்கெட்டுக்குப் பணம் கட்டும் முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

ஹோட்டலில் இறங்கியதும் வரவேற்பறையில் கோகா இலை போட்ட டீ நீட்டுவார்கள். பெருவில் அது சட்டப்படி சரி, மலை உயரத்துக்கு நல்லது என்று அவர்களே குடிப்பது. விரும்பினால் குடிக்கலாம். திரும்பும்போது நண்பர்களுக்குக் கொடுக்கலாம் என்று அந்த டீ பாக்கெட்டையோ இலையையோ பெட்டியில் வைத்துவிடாதீர்கள். இந்தியாவில் கோகா இலை போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருகிறது, மகன் வாங்கிக் கொடுத்தாலும் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.