ஆடி மழையில் 300 கிமீ: ரெயின்கோட் மட்டும் போதுமா?

கேள்வி: ஊர் கொழிஞ்சாம்பாறை, வயது 41. வெயில் காலத்தில் ஒரு 200 கிமீ பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) முடித்திருக்கிறேன். ஜூலை கடைசியில் 300 கிமீ பிரெவேக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். காலை 5 மணிக்குக் கோவையில் கிளம்பி, பாலக்காடு, திருச்சூர் வழியாகக் குருவாயூர் போய்த் திரும்ப வேண்டும். மழையும் காற்றும் பலமாக இருக்கும் என்கிறார்கள். ரெயின்கோட் தவிர வேறென்ன வேண்டும்? எந்தக் கட்டத்தில் நிறுத்திவிட வேண்டும்?

பதில்: பொருள்களுக்கு முன்னால் நேரக் கணக்கைப் பார்ப்போம். 300 கிமீக்கு 20 மணி நேரம் தருகிறார்கள். மணிக்கு 15 கிமீ என்றால் தாராளம் போலத் தெரியும். ஆனால் இடையில் உள்ள கண்ட்ரோல்களும், அதாவது நீங்கள் வந்துபோனதைப் பதிவு செய்யும் இடங்களும், அதே கணக்கில்தான் மூடும். குருவாயூர் 150 கிமீ என்றால், பிற்பகல் 3 மணிக்குள் நீங்கள் அங்கே இருக்க வேண்டும். ஆடிக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருவது உங்களுக்குத் தெரிந்ததுதான். போகும்போது முழுக்க எதிர்க்காற்று. நீங்கள் 15 கிமீ வேகத்தில் போக, எதிரே 20 கிமீ காற்று அடித்தால், உடம்பில் மோதுவது 35 கிமீ காற்று. ஆகவே உங்களுக்கு நேரம் நெருக்கப்போவது முதல் பாதியில்தான். அங்கே பெடலை முறுக்கி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், நிற்கும் நேரத்தைக் குறையுங்கள். திரும்பும்போது காற்றே தள்ளிவிடும்.

நிற்பதைக் குறைக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் குளிர். பெடல் மிதிக்கும்வரை உடம்பு சூட்டைத் தயாரித்துக்கொண்டே இருக்கும். நின்றதும் அது குறையும். ஈரத் துணியும் காற்றும் மிச்சச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். 24 டிகிரியில்கூடப் பல் தந்தியடிக்கும். நனையாமல் ஓட்டுவது நடக்காத காரியம், விலையுயர்ந்த ஜாக்கெட்டும் சில மணி நேரத்தில் உள்ளே வியர்வையால் நனைந்துவிடும். காற்றைத் தடுக்கும் மெல்லிய, உடம்போடு ஒட்டிய ஜாக்கெட் போதும். பைக்கில் போகிறவர்கள் போடும் தொளதொள ரெயின்கோட் வேண்டவே வேண்டாம். காற்றில் பாய்மரமாக விரிந்து இழுக்கும், சக்கரத்திலும் சிக்கலாம். கிளம்பும்போது கோவையில் சாலை காய்ந்தே இருக்கலாம், வாளையாறு தாண்டியதும் நிலைமை மாறிவிடும். ஜாக்கெட்டை எட்டும் இடத்தில் வையுங்கள்.

குருவாயூரில் மாற்ற ஒரு ஷார்ட்ஸ், ஒரு ஜோடி சாக்ஸ், ஒரு பனியன் ஆகியவற்றை ஜிப் கவரில் கட்டாயம் எடுத்துப்போங்கள். ஈர ஷார்ட்ஸோடு இன்னொரு 150 கிமீ போனால் தொடை இடுக்குத் தோல் உரிந்துவிடும். கிளம்பும் முன்பும், பாதியிலும் வாசலின் தடவுங்கள். கண்ட்ரோல்களில் பதிவு வாங்கும் பிரெவே கார்டுக்குத் தனி ஜிப் கவர். அது கரைந்துபோனால், ஓட்டியதற்கு உங்களிடம் சாட்சி இல்லை. போனின் சார்ஜிங் துளையில் ஈரம் இருந்தால் சார்ஜ் ஏறாது, அதையும் மூடியே வையுங்கள்.

மழையில் தாகம் தெரியாது, ஆனால் ஜாக்கெட்டுக்குள் வியர்த்துக்கொண்டுதான் இருக்கும். மணிக்கு ஒரு நேந்திரம் பழமும் அரை பாட்டில் தண்ணீரும் வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தட்டுக்கடைகளில் சர்க்கரை தூக்கலாகப் போட்ட கட்டன் சாயாவும் (பால் இல்லாத டீ) பழம்பொரியும் (நேந்திரம் பழ பஜ்ஜி) கிடைக்கும். எந்த எனர்ஜி ஜெல்லையும்விட இது மேல் என்பது என் உறுதியான கருத்து.

சைக்கிளில் முதலில் பார்க்க வேண்டியது பிரேக். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் என்றால், மழை நீரோடு வரும் மணல், பிரேக் கட்டையை அரம் போலத் தேய்க்கும். புதுக் கட்டை போட்டு, உபரியாக ஒரு ஜோடி எடுத்துப்போங்கள். டிஸ்க் பேடும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தேயும். ஈர ரிம்மில் பிரேக் பிடித்ததும் உடனே கேட்காது, முதலில் தண்ணீரைத்தான் துடைக்கும். திரும்பும் வழியில் இரவு, ஈரச்சாலை, பின்காற்று மூன்றும் சேர்வதால் முன்கூட்டியே பிடிக்கப் பழகுங்கள். டயரில் வழக்கத்தைவிட 5 முதல் 10 பி.எஸ்.ஐ. காற்றைக் குறைத்தால் பிடிப்பு கூடும். வெள்ளைக் கோடுகள், பாலங்களின் இரும்பு இணைப்புகள் இரண்டின்மேலும் நேராகப் போங்கள், அங்கே வளைக்கவோ பிரேக் பிடிக்கவோ கூடாது. தேங்கிய தண்ணீருக்கு அடியில் குழி இருப்பதாகவே எடுத்துக்கொள்ளுங்கள். குருவாயூரில் சங்கிலிக்கு மறுபடி எண்ணெய் விடுங்கள். பின் விளக்கு இரண்டு வேண்டும், ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் இன்னொன்று எரியும்.

சரி, எப்போது நிறுத்துவது? முந்தைய நாளே வானிலை மையத்தின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். பாலக்காட்டுக்கோ திருச்சூருக்கோ ரெட் அலர்ட் என்றால், 24 மணி நேரத்தில் 204.4 மில்லிமீட்டருக்கு மேல் மழைக்கு வாய்ப்பு என்று பொருள். அன்று கிளம்பவே வேண்டாம். வழியில் இடி கேட்டால் கட்டடத்துக்குள் போய்விடுங்கள், கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரமாவது காத்திருங்கள். சாலைக்குக் குறுக்கே தண்ணீர் ஓடினால் இறங்காதீர்கள், நேரம் போனால் போகட்டும்.

உடம்பைப் பொறுத்தவரை, உலர்ந்த துணி மாற்றி, சூடாகக் குடித்தும் அரை மணி நேரத்தில் நடுக்கம் நிற்கவில்லையா? விலகுங்கள். விரல் மரத்து பிரேக் பிடிக்க முடியாவிட்டாலும் அதேதான். பேச்சு குழறினாலோ, நடுக்கம் தானாக நின்று குழப்பமாக இருந்தாலோ அது ஆபத்தான கட்டம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த நிலையை நம்மால் கண்டுபிடிக்க முடியாது, கூட ஓட்டுகிறவர்தான் கவனிக்க வேண்டும். அதனால் இரவில் தனியாகப் போகாதீர்கள்.

விலகினால் அமைப்பாளருக்கு உடனே போன் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் நள்ளிரவில் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பிரெவேயில் இருக்கும்வரைதான் வழியில் வெளியார் உதவி கூடாது, விலகியபின் தடையில்லை. திருச்சூர் வரை வண்டி எடுத்து வர ஊரில் யாரையாவது இப்போதே கேட்டுவையுங்கள்.