இரண்டு மாவிளக்கு: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் இலங்கையின் பதுளை மாவட்டத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, இப்போது கொழும்பில் பணிபுரிபவள். கடந்த தை மாதம் என் அம்மாயி (அம்மாவின் அம்மா) காலமானார். சிறுவயதில் வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பில் அவர் மடியில் தலைவைத்துக் கேட்ட கதைகளை என் பிள்ளைகளுக்காக எழுதத் தொடங்கினேன். ஒரு கதையில் நின்றுவிட்டேன்.

அம்மாயியின் பாட்டி குழந்தையாக இருந்தபோது, தாயோடு தமிழ்நாட்டிலிருந்து தோட்டத்துக்கு மன்னார்க் காட்டு வழியே நடந்து வந்தாராம். வழியில் காய்ச்சல் கண்டுவிட்டது. கூட்டம் முன்னால் போய்விட, தாய் மட்டும் ஒரு மரத்தடியில் இராமுழுக்க மாரியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். விடியும்போது பிள்ளை எழுந்து தண்ணீர் கேட்டதாம். “மாரி கைவிடல” என்று அம்மாயி கதையை முடிப்பார். நான் பெரியவளான பிறகு, அங்கே இருந்தவை இரண்டு பிள்ளைகள் என்றும், மற்றதை அந்த வழியிலேயே புதைத்துக் கல் வைத்துவிட்டு வந்தார்கள் என்றும் சொன்னார். அப்போதும் “மாரி கைவிடல” என்றே முடித்தார். இதைப் படித்த என் பதினொரு வயது மகள், “அப்படியென்றால் அந்த இன்னொரு பிள்ளை?” என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை.

கதையை மட்டும் எழுதிப் பாடத்தை விட்டுவிடலாமா? அதே கதையில், இந்தியக் கரையில் ஆட்களைத் தங்கவைத்துச் சோதித்த மண்டபம் காம்பும் வருகிறது. அது பொருந்துமா என்றும் தெரியவில்லை. கிறிஸ்தவ சபைக்குப் போகும் என் சித்தப்பா வீட்டில் இதே கதையை மாரியை எடுத்துவிட்டு ஆண்டவர் என்று சொல்கிறார்கள். அம்மாயி திருவிழாவுக்கு எப்போதும் இரண்டு மாவிளக்கு வைப்பார். அந்தப் பழக்கத்தையும் எழுத வேண்டும் என்றிருக்கிறேன். எப்படி எழுதுவது?

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாயியின் மறைவுக்கு என் அனுதாபங்கள். உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. உங்கள் மகள் கேட்ட கேள்வி, நான் என் தாத்தாவிடம் கேட்க நினைத்து, கேட்காமலே விட்ட கேள்வி.

முதலில் எளிதானதைச் சொல்லிவிடுகிறேன். காட்டு வழியே நடந்து வந்ததும் மண்டபம் காம்பில் மருந்துத் தண்ணீரில் குளித்ததும் ஒரே பயணத்தில் நடந்திருக்க முடியாது. தலைமன்னாரில் இறங்கி, மன்னார், மதவாச்சி, தம்புள்ளை என்று நூறு மைலுக்கு மேல் நடந்து மாத்தளையை அடைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பயணம். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரு கரையிலும் இரயிலும் ஓடத் தொடங்கிய பிறகு, காம்பில் தங்கிச் சோதனை முடித்துக் கோச்சியில் வந்தவர்கள் அடுத்த தலைமுறையினர். அதற்காக அம்மாயி பொய் சொன்னார் என்று எண்ண வேண்டாம். நம் முன்னோர் ஒருமுறை வந்து நின்றுவிட்டவர்கள் அல்லர். ஊருக்குப் போய், மீண்டும் வந்து, தம்பியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்தவர்கள். இரண்டு மூன்று பேருடைய பயணங்கள் சொல்லிச் சொல்லி ஒரே பயணமாகிவிட்டன. நீங்கள் இரண்டையும் அம்மாயி சொன்னபடியே எழுதி, கீழே ஒரு வரியில் இந்த விவரத்தைக் குறித்துவிடுங்கள்.

இந்தப் போக்குவரத்துக்கும் நம் தெய்வங்களுக்கும் உறவுண்டு என்பது என் நெடுநாள் எண்ணம். கோப்பிக் காலத்தில் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினார்கள். குலதெய்வத்துக்குச் செய்ய வேண்டியதை ஊரிலேயே போய்ச் செய்துகொள்ள அவர்களுக்கு வழி இருந்தது. 1869இல் கோப்பி இலையில் நோய் கண்டு, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் தோட்டங்கள் அழிந்து, லூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தொடங்கிய தேயிலை மலையெங்கும் பரவியபோது கதை மாறியது. கொழுந்துக்குப் பருவம் கிடையாது. வருடம் முழுவதும் ஆள் வேண்டும். ஆளோடு சாமியும் இங்கேயே தங்க வேண்டியதாயிற்று. அப்படித்தான் ஒவ்வொரு தோட்டத்திலும் மரத்தடியில் ஒரு கல்லும் சூலமும் வந்தன. தேயிலைச் செடியைக் கத்தரித்துக் கவ்வாத்து வெட்டும் மலைக்குக் கவ்வாத்துச்சாமி வந்தது. ஸ்டோர் என்னும் தேயிலை ஆலையில் சுழலும் சக்கரமான ரோதைக்கு ரோதமுனி வந்தது. ஊரில் இல்லாத இந்தத் தெய்வங்களை நம் ஆட்கள் எந்த ஏட்டிலும் பார்த்து வைக்கவில்லை. கத்தி வழுக்கும் இடத்திலும் ரோதை கையை இழுக்கும் இடத்திலும் வைத்தார்கள்.

என் தாத்தாவின் கதை ஒரு பிடிமண்ணைப் பற்றியது. துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்த அவருடைய பாட்டனார், குலதெய்வக் கோயில் வாசலில் ஒரு பிடி மண்ணெடுத்து, வேட்டி முனையில் முடிந்து, காடு முழுக்கச் சுமந்து வந்து, எங்கள் தோட்டத்தில் இப்போது மாரியம்மன் கோயில் இருக்கும் இடத்தில் வைத்தாராம். தாத்தாவுக்குப் பால் சேர்க்காத தேநீரான சாயத்தண்ணியில் சீனி போட்டுக் குடிக்கப் பிடிக்காது. உள்ளங்கையில் சீனியை வைத்துக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடிப்பார். கதை பிடிமண்ணுக்கு வரும்போது கையை மூடிக் காட்ட வேண்டும் என்பதால், அதற்கு முன்பே அந்தச் சீனியை முடித்துவிடுவார். பிறகு வலது கையை இறுக மூடி, பாயின்மேல் கவிழ்த்து, மெல்லத் திறப்பார். நாங்கள் ஐந்து பேரும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருப்போம். சில நாட்களில் அது மண்ணாக இருந்தது, சில நாட்களில் கல்லாக இருந்தது, ஒருமுறை வேல் என்றும் சொன்னார். கை மூடித் திறந்தது மட்டும் ஒருபோதும் மாறவில்லை. கதையை முடிக்கும்போது, “சாமி நம்மகூட நடந்து வந்துச்சுடா” என்பார்.

பள்ளிக்கூடத்தில் இதைக் கட்டுரையாக எழுதியபோது, “இறைவன் எம் முன்னோரைக் காப்பாற்றினார்” என்று முடித்தேன். ஆசிரியர் பாராட்டினார். தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “நான் அப்படிச் சொல்லலையேப்பா” என்று மட்டும் சொன்னார். அதன் பொருள் எனக்குப் புரிவதற்கு முப்பது ஆண்டுகள் ஆயின. காப்பாற்றிய சாமி என்றால், வழியில் பேதியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களை ஏன் காப்பாற்றவில்லை என்ற கேள்வி உடனே வந்துவிடும். கூட நடந்து வந்த சாமி வேறு. அதற்கும் கால் வலித்திருக்கும். அதுவும் வேட்டி முனையில் சுருண்டு, பசித்த வயிற்றின் மேல் தொங்கிக்கொண்டு வந்தது. விழுந்தவர்கள் அருகிலும் அது இருந்தது, எழுந்து நடந்தவர்கள் அருகிலும் இருந்தது. தாத்தா சொன்ன வினைச்சொல்லை மாற்றியதால், நான் அவருடைய விசுவாசத்தையே மாற்றிவிட்டேன்.

உங்கள் அம்மாயியின் சொல்லையும் இப்படிப் பார்க்க வேண்டுகிறேன். “மாரி காப்பாத்துனா” என்று அவர் சொல்லவில்லை, “கைவிடல” என்றார். கைவிடாதிருப்பது கையைப் பிடித்திருப்பது. கூட்டம் போய்விட்ட இரவில், சுற்றிலும் காடாக இருக்க, இரண்டு பிள்ளைகளின் கைகளையும் ஒரு தாய் விடியும்வரை விடாமல் பிடித்திருந்தாள்; விடியும்போது ஒரு கை சூடாகவும் ஒரு கை சில்லென்றும் இருந்திருக்கிறது. அந்த இரவைப் பற்றி அவளுக்குத் தெரிந்த ஒரே உண்மை, தான் விடவில்லை, தான் கூப்பிட்டவளும் தன்னை விட்டுப் போகவில்லை என்பதுதான். அது இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துச் சொன்ன சொல். அதனால்தான் முதலில் ஒரு பிள்ளையைச் சொன்னபோதும், பிறகு இரண்டையும் சொன்னபோதும் அம்மாயி முடிவை மாற்றவில்லை என்று நான் நினைக்கிறேன். பிள்ளையாக இருந்த உங்களுக்கு ஒரு பாதி போதும் என்று கருதியிருக்கிறார்; தாங்கும் வயது வந்ததும் மறுபாதியைக் கொடுத்திருக்கிறார்.

இதற்குச் சான்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. மாவிளக்கை ஒரு பழக்கம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். அரிசி மாவில் வெல்லம் சேர்த்துப் பிசைந்து, குழித்து, நெய்யூற்றித் திரிபோட்டு ஏற்றும் அந்த விளக்கைப் பிள்ளைகளின் பேரில் நேர்ந்து வைப்பது நம் வீடுகளின் வழக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மாயி இரண்டு வைத்தார். உயிரோடு வந்த பிள்ளையின் வழியில் பிறந்தவர், வராத பிள்ளைக்கும் சேர்த்து வருடந்தோறும் மாவு பிசைந்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன். வேறு காரணம் இருந்தால், வீட்டில் மூத்தவர்கள் யாராவது சொல்லக்கூடும், கேட்டுப் பாருங்கள். என் வாசிப்பு சரியென்றால், உங்கள் மகளின் கேள்விக்கு அம்மாயி நூறாண்டுக்குப் பிறகும் பதில் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறார்.

ஆகவே, பாடத்தை விட்டுவிடாதீர்கள். படித்த நம் பிள்ளைகளுக்குக் கதை பிடிக்கிறது, பாடம் கூச்சமாக இருக்கிறது. வரலாறு எழுதுகிறவர்களும் பாதையையும் ஆள்சேர்த்து வந்த கங்காணியையும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டையும் எடுத்துக்கொண்டு, “மாரி கைவிடல” என்பதைக் கழித்துவிடுகிறார்கள். 2023இல் முன்னோரின் அந்த வழியை நினைவுகூரும் நடைபயணம் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்தபோது, நான் கடைசி நாட்களில் அதில் சேர்ந்து நடந்தேன். அந்தச் சாலையில் வெயிலில் நடந்தபோது, இந்தச் சொல் இல்லாமல் அவர்கள் நடந்திருக்கவே முடியாது என்று தோன்றியது. அதே போல நீங்களாக ஒரு புதிய பாடத்தைச் சேர்க்கவும் வேண்டாம். அம்மாயி எந்த இடத்தில், எந்தச் சொல்லில் முடித்தாரோ அங்கேயே, அதே பேச்சுத் தமிழில் எழுதுங்கள். மகள் கேட்ட கேள்வியையும் அவள் கேட்டதாகவே அடுத்த வரியில் எழுதுங்கள்.

உங்கள் சித்தப்பா வீட்டார் தங்கள் பிள்ளைகளுக்குத் தங்கள் விசுவாசத்தின்படி சொல்லிக்கொடுக்கட்டும். அதில் யாருக்கும் குறையில்லை. அம்மாயியின் வாக்காக எழுதும்போது மட்டும் மாரியின் பெயர் இருக்க வேண்டும். மரத்தடியில் அந்தத் தாய் கூப்பிட்ட பெயர் அது.

பாடமே இல்லாத ஒரு கதையும் உங்களிடம் இருக்கக்கூடும். என் தாத்தாவிடம் ஒன்று இருந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரான எங்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. அந்தக் கணக்கில் தாத்தாவின் தங்கை குடும்பம் போயிற்று. எங்கள் ஆட்கள் அழுகைக் கோச்சி என்று பெயர் வைத்த இரயிலில் தலைமன்னாருக்குப் போய், கப்பலேறி, கடைசியில் நீலகிரியில் தாயகம் திரும்பியோருக்கான தேயிலைத் தோட்டமொன்றில் மீண்டும் கொழுந்துக் கூடையையே தலையில் மாட்டிக்கொண்டார்கள். புறப்பட்ட காலையில் அந்தத் தங்கை மாரியம்மன் கோயில் வாசலுக்குப் போய், ஒரு பிடி மண்ணெடுத்துச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டார். தாத்தா இதைச் சொல்லும்போதும் கையை மூடுவார். ஆனால் திறக்கமாட்டார். “சரி, போய்ப் படுங்க” என்று எழுந்துவிடுவார். நான் எழுதி வைத்திருக்கும் பிரதியிலும் அந்தக் கதை அங்கேயே நிற்கிறது. உங்கள் அம்மாயியின் கதைகளில் அப்படி நின்றவற்றை அப்படியே நிற்க விடுங்கள்.

ஒரு வேண்டுகோள். இரண்டாம் பிள்ளைக்குக் கல் வைத்த இடம் தம்புள்ளைக்கு முன்பா, பின்பா, அருகில் குளமோ ஆறோ இருந்ததா என்று அம்மாயி ஏதாவது சொல்லியிருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தச் சாலையில் இன்னும் ஒருமுறை போகும் எண்ணம் எனக்கு உண்டு.

அன்புடன்.