மோட்டார் செய்வது வேலை, அடுப்பு தருவது வெப்பம்; இரண்டுக்கும் ஏன் ஒரே அலகு, ஜூல்?

மன்னார்குடிப் பக்கம் குறுவைக்குப் போர்வெல் தண்ணீர் இறைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டர் ஆழத்திலிருந்து 1,000 லிட்டரை மேலே ஏற்றச் செய்யும் வேலை சுமார் 98,000 ஜூல் (நிறை × புவியீர்ப்பு முடுக்கம் 9.8 × உயரம்; 1,000 லிட்டர் என்றால் 1,000 கிலோ). சரி, இதே ஆற்றலை அடுப்பில் ஒரே ஒரு லிட்டர் தண்ணீருக்குக் கொடுங்கள். வெப்பநிலை 23 டிகிரிதான் ஏறும், காபிக்குக்கூடப் போதாது! எனக்கு இன்றும் வியப்பு தரும் கணக்கு இது. நெல் அவிக்க அவ்வளவு உமி எரிவது ஏன் என்பதும் இதிலேயே புரியும்.

வேலையும் வெப்பமும் ஆற்றல் கைமாறும் இரு வழிகள். 1840களில் ஜேம்ஸ் ஜூல், எடை கீழிறங்கும்போது துடுப்பு சுழன்று தண்ணீரைக் கலக்கும்படி அமைத்து, அதன் வெப்பநிலை உயர்வை அளந்தார். ஒரு கலோரிக்கு, அதாவது ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பத்துக்கு, கிட்டத்தட்ட 4.2 ஜூல் வேலை சமம். அதனால்தான் ஒரே அலகு. அப்புறம், ஓடும் மோட்டார் சூடாகிறதே, அது தண்ணீரை ஏற்றாமல் வெப்பமாகப் போன மின்சாரம்.