மணலுக்கு வாடகை இல்லை

கேள்வி: எங்கள் 25-வது திருமண நாளுக்கு மகள் மொரீஷியஸ் டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறாள். தங்கப்போவது சாதாரண விடுதி. படங்களில் வரும் ஐந்து நட்சத்திர ரிசார்ட் கடற்கரைகளில் எங்களைப் போன்றவர்கள் கால் வைக்க முடியுமா? யாராவது துரத்திவிட்டால் அவமானமாகிவிடும் என்று இவர் தயங்குகிறார். (வாசகி, திருச்சி)

பதில்: தாராளமாக வைக்கலாம் அம்மா. முதலில் அவருடைய தயக்கத்தைப் போக்குங்கள். மொரீஷியஸில் அலை ஏறி இறங்கும் மணல் பொதுச்சொத்து, எந்த ஹோட்டலுக்கும் சொந்தமில்லை. அதற்கு மேலே உள்ள நிலத்துக்கும் ஒரு கதை உண்டு. பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட காலத்திலேயே கரையோரமாக 250 பிரெஞ்சு அடி, இன்றைய கணக்கில் 81.21 மீட்டர், அரசு நிலம் என்று ஒதுக்கிவிட்டார்கள். 'பா ழெயோமெத்ரிக்' என்பார்கள். பெரிய ஹோட்டல்களில் பலவும் அந்த நிலத்தை அரசிடம் குத்தகைக்கு எடுத்துத்தான் நிற்கின்றன. அலை ஏறும் உச்சக் கோட்டோடு குத்தகை முடிகிறது, ஈர மணல் உங்களுடையதும்தான்.

ஆனால் ஹோட்டல் வாசல் வழியாக உள்ளே நுழைந்து கடலுக்குப் போக உங்களுக்கு உரிமை கிடையாது. சாய்வு நாற்காலி, குடை, துண்டு, கழிப்பறை எல்லாம் அவர்களுடையவை. அதனால் பக்கத்தில் இருக்கும் பொதுக் கடற்கரையில் இறங்கி, தண்ணீர் ஓரமாகவே நடந்து போங்கள். கிழக்கே பெல் மார், வடக்கே மோன் ஷுவாசி, மேற்கே ஃப்ளிக் அன் ஃப்ளாக், தென்மேற்கில் லெ மோர்ன், எல்லா இடத்திலும் பொதுக் கடற்கரையும் ரிசார்ட்டுகளும் ஒரே கரையில்தான் இருக்கின்றன. அதே மணல், அதே பச்சை நீலத் தண்ணீர். பொதுப் பகுதியைக் கண்டுபிடிப்பதும் சுலபம், சவுக்கு மரங்கள் நிற்கும். ஆமாம், நம் ஊர் சவுக்குத்தான்.

நான் போனபோது கிழக்குக் கரையில் ஒரு ஹோட்டல் முன்னால் நடந்துகொண்டிருந்தேன், காவலாளி வந்து இது விருந்தினர்களுக்கு மட்டும் என்றார். எனக்கும் நெஞ்சு படபடத்தது, உண்மை. நான் தண்ணீர் ஓரமாக நடக்கிறேன், உங்கள் நாற்காலியில் உட்காரவில்லை என்று அமைதியாகச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அவரும் சம்பளத்துக்கு நிற்கிறவர், கோபப்பட வேண்டாம். ஆனால் பயந்து திரும்பிவிடவும் வேண்டாம். அந்த ஊர் மக்களே இதற்காகப் போராடுகிறார்கள், 'எங்கள் கடற்கரையைத் திருடாதே' என்ற பொருளில், அந்த ஊர்ப் பேச்சுமொழியான கிரியோலில் பெயர் வைத்து ஓர் இயக்கமே நடத்துகிறார்கள். நீங்கள் அந்த மணலில் நடப்பது அவர்களுக்கும் ஆதரவுதான் என்று நினைக்கிறேன்.

முடிந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுக் கடற்கரையில் இருங்கள். குடும்பம் குடும்பமாக வந்து சவுக்கு நிழலில் பாய் விரித்து, பெரிய பாத்திரத்தில் பிரியாணி கொண்டுவந்து, செகா என்ற உள்ளூர்ப் பாட்டுப் பாடி ஆடுவார்கள். என்னைக் கேட்டால் ரிசார்ட்டின் அமைதியைவிட இதுதான் பார்க்க வேண்டியது. ரிசார்ட் நீச்சல் குளமும் சாப்பாடும் ஒரு நாளாவது அனுபவிக்கவேண்டும் என்றால், பல ஹோட்டல்களில் தங்காமலே பகல் நேரத்துக்கு மட்டும் கட்டணம் வாங்குகிறார்கள். போன் செய்து, மதிய உணவு அதில் சேருமா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

கேள்வி: எனக்கு நீச்சல் தெரியாது. சுடிதாரோடு கடலில் இறங்கினால் வித்தியாசமாகப் பார்ப்பார்களா? (வாசகி, ஈரோடு)

பதில்: பார்க்கமாட்டார்கள். அங்கே மக்கள்தொகையில் பெரும்பகுதி இந்திய வம்சாவளியினர், பொதுக் கடற்கரையில் முழு உடையோடு குளிக்கும் பெண்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். ஹோட்டல் குளத்தில் மட்டும் நீச்சலுக்கான துணி கேட்பார்கள், உடம்பை முழுவதும் மூடும் நீச்சல் உடை ஒன்று இங்கிருந்தே வாங்கிப் போய்விடுங்கள்.

நீச்சல் தெரியாதவர்களுக்கு மொரீஷியஸ் நல்ல கடல். தீவைச் சுற்றிப் பவளப்பாறை அரண் போல நிற்பதால் பெரிய அலை வெளியிலேயே உடைந்துவிடும், உள்ளே ஏரி மாதிரி இருக்கும். இடுப்பளவுக்கு மேல் போகாதீர்கள், அது போதும். பாறை அரணில் இடைவெளி இருக்கும் இடங்களில் நீரோட்டம் இழுக்கும். தெற்கே க்ரி க்ரி என்ற இடத்தில் அந்த அரணே இல்லை, அங்கே பார்ப்பதோடு சரி, இறங்கவே கூடாது. அப்புறம் ரப்பர் அடி வைத்த கடல் செருப்பு கட்டாயம். முள் நிறைந்த கடல் முள்ளெலியும், கல் போலவே அசையாமல் கிடக்கும் விஷ மீனும் உண்டு. அந்த மீன் குத்திவிட்டால் தாங்கக்கூடிய அளவுச் சுடுநீரில் காலை வைத்து, உடனே மருத்துவமனைக்குப் போய்விடவேண்டும்.

கேள்வி: மே மாத விடுமுறையில் போகலாமா? (வாசகர், சேலம்)

பதில்: போகலாம், நல்ல மாதம். புயல் காலம் அநேகமாக முடிந்திருக்கும், வெயிலும் குறைந்திருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான் புயல் பயம் அதிகம். ஜூலை, ஆகஸ்டில் போனால் கிழக்குக் கரையில் அறை போடாதீர்கள், தென்கிழக்குக் காற்று மணலை வாரி முகத்தில் அடிக்கும். அப்போது மேற்குக் கரைதான்.

கேள்வி: நாங்கள் சைவம். ரிசார்ட்டில் பட்டினி கிடக்க வேண்டியிருக்குமா? (வாசகி, கும்பகோணம்)

பதில்: இருக்காது, முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். காலை, இரவு உணவு மட்டும் சேர்ந்த 'ஹாஃப் போர்டு' எடுத்துக்கொண்டு மதியம் வெளியே வாருங்கள். கடற்கரை வண்டிகளில் கடலைப்பருப்பு வைத்த தால் பூரி கிடைக்கும். 'காத்தோ பிமா' என்று ஒன்று சுடச்சுடப் போடுவார்கள், கடித்துப் பார்த்தால் அசல் நம் பருப்பு வடை. அங்கே குடியேறிய நம்மவர்கள் வழியாக வந்த 'ஏழு கறி' விருந்தும் உண்டு, வாழை இலையில் பரிமாறுவார்கள். தைப்பூசக் காவடி சமயத்தில் போனால் கோயிலில் விசாரியுங்கள், உட்கார வைத்து இலை போட்டுவிடுவார்கள்.