படிவத்தில் ‘புகைப்பதில்லை’ என்று டிக் அடிக்கலாமா?

கேள்வி: பல வருடமாகப் புகைபிடிக்கிறேன். மருத்துவக் காப்பீடு எடுக்கப் போனால், புகைப்பவர் என்பதால் பிரீமியம் ஒன்றரை மடங்கு என்கிறார்கள். தினமும் குடிக்கும் என் நண்பருக்கோ சாதாரண பிரீமியம்தான். இது பாரபட்சம் இல்லையா? “இல்லைன்னு டிக் அடிச்சிடுங்க, யாரும் பார்க்கப் போறதில்லை” என்கிறார் ஏஜென்ட். அப்படிச் செய்யலாமா?

பதில்: செய்யாதீர்கள். பாரபட்சமா என்பதற்கு அப்புறம் வருகிறேன். அவசரமாகப் பதில் வேண்டியது இந்த டிக் விஷயத்துக்குத்தான்.

காப்பீடு நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட ஒப்பந்தம். காப்பீடு தருபவருக்குத் தெரியாத உண்மை உங்களிடம் இருக்கிறது, அதை நம்பித்தான் அவர் விலை சொல்கிறார் என்று 1766-லேயே இங்கிலாந்தில் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு ஒரு தீர்ப்பில் விளக்கிவிட்டார். பல நாட்டுக் காப்பீட்டுச் சட்டங்களுக்கு இன்றும் அதுதான் வேர்.

யாரும் பார்க்கப் போவதில்லை என்பது பாலிசி எடுக்கும் நாளைக்குத்தான் பொருந்தும். கிளைம் வரும்போது பார்ப்பார்கள். நெஞ்சுவலியோடு உங்களை அட்மிட் செய்யும்போது பணியில் இருக்கும் டாக்டர் “புகை பழக்கம் உண்டா, எத்தனை வருடமாக?” என்று கேட்பார். உங்கள் மனைவி பதறிப்போய் உள்ளதை உள்ளபடி சொல்வார். அது கேஸ் ஷீட்டில் ஏறும், டிஸ்சார்ஜ் சம்மரியிலும் வரும். கிளைமை ஆராயும் அதிகாரி அந்த வரியையும் உங்கள் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அன்றைக்கு ஏஜென்ட் உங்களோடு இருக்க மாட்டார். படிவத்தில் இருப்பது உங்கள் கையெழுத்து.

விளைவு நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனின் 2012 சட்டப்படி, கவனக்குறைவால் தவறான பதில் சொல்லியிருந்தால் கிளைமை விகிதப்படி குறைப்பார்கள். 150 கட்ட வேண்டியவர் 100 கட்டியிருந்தால், மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். தெரிந்தே பொய் சொன்னதாக நிரூபித்துவிட்டால் பாலிசியையே ரத்து செய்யலாம், கட்டிய பிரீமியமும் பொதுவாகத் திரும்பாது. இந்தியாவில் 60 மாதம் தொடர்ந்து பாலிசி வைத்திருந்தால், அதற்குப் பிறகு மறைத்ததைக் காரணம் காட்டி கிளைமை மறுக்க முடியாது. ஆனால் மோசடி என்று நிரூபணமானால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. ஏஜென்ட் சொல்லிக்கொடுத்துத் தெரிந்தே பொய் எழுதுவது எந்தப் பக்கம் போகும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

சரி, பாரபட்சம். பெரும்பாலான சமத்துவச் சட்டங்கள் பாலினம், இனம், ஊனம் போன்றவற்றுக்குத்தான் பாதுகாப்புத் தருகின்றன. புகைப்பழக்கம் அந்தப் பட்டியலில் பொதுவாக வராது. அதனால் அதிகம் கேட்பதே சட்டவிரோதம் என்று வழக்குப் போட்டால் நிற்காது. ஆஸ்திரேலியாவின் தனியார் மருத்துவக் காப்பீடு, நெதர்லாந்தின் அடிப்படைக் காப்பீடு போன்றவற்றில் கதை வேறு. அங்கே புகைப்பவருக்கு அதிகம் வாங்கவே சட்டம் விடாது.

உங்கள் நண்பர் விஷயத்துக்கு அமெரிக்கா நல்ல உதாரணம். தனிநபர் காப்பீட்டில் வயது, வசிக்கும் பகுதி, குடும்ப அளவு, புகையிலை ஆகியவற்றை மட்டும் வைத்துத்தான் விலையை மாற்றலாம் என்கிறது 2010 சட்டம். புகையிலைக்கு அதிகபட்சம் 50 சதவீதம் கூட்டலாம், குடிக்கு ஒன்றுமில்லை. புகையை ‘உண்டு, இல்லை’ என்று கேட்டு, கோட்டினின் (நிகோட்டின் உடலில் மாறி உருவாகும் பொருள்) பரிசோதனையிலும் பார்த்துவிடலாம். குடியில் எவ்வளவு அதிகம் என்பதற்குக் கோடு போடுவது கடினம். ஆனால் உங்கள் நண்பர் நிம்மதியாக இருக்க வேண்டாம். பிரீமியத்தில் விட்டதைப் பல நிறுவனங்கள் விலக்கு நிபந்தனையில் பிடிக்கும். போதையால் வந்த காயம், குடியால் வந்த நோய் என்று சொல்லிப் பணம் மறுக்கும். அதை நிரூபிக்க வேண்டியது பொதுவாக நிறுவனம்தான். நிபந்தனையின் வாசகம் இரண்டு பொருள் தந்தால், எழுதியவருக்கு எதிராகத்தான் நீதிமன்றம் படிக்கும். பாலிசியின் விலக்குப் பக்கத்தை இப்போதே படித்துவைக்கச் சொல்லுங்கள்.

அதிகம் வாங்குவது சரியா என்று என்னைக் கேட்டால், விடுவதற்கு வழி காட்டாமல் வாங்குவது அநியாயம் என்பேன். அடிமைப் பழக்கத்துக்கு அபராதம் மட்டும் போட்டால், ஜனங்கள் புகையை விடுவதில்லை, உண்மை சொல்வதைத்தான் விடுகிறார்கள். அமெரிக்காவில் முதலாளி தரும் காப்பீட்டில் இந்தக் கூடுதல் தொகையை வாங்கினால், புகையை விட உதவும் திட்டம் போன்ற மாற்று வழியும் தர வேண்டும். அதை முடிப்பவரிடம் கூடுதல் வாங்கக் கூடாது. எல்லா நாட்டிலும் இந்த விதி வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

நீங்கள் உண்மையை எழுதிப் பாலிசி எடுங்கள். எத்தனை மாதம் புகைக்காமல் இருந்தால் ‘புகைக்காதவர்’ விலைக்கு மாற்றுவீர்கள் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விடுவதற்காக நிகோட்டின் சூயிங் கம்மோ தோலில் ஒட்டும் நிகோட்டின் பட்டையோ பயன்படுத்தினால், பரிசோதனைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அவற்றாலும் கோட்டினின் தெரியும். ஒருவேளை ஏற்கெனவே ‘இல்லை’ என்று கொடுத்துவிட்டிருந்தால், கிளைம் எதுவும் வருமுன் திருத்தக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை பாலிசியோடு சேர்த்து வையுங்கள்.