பட்டினி கிடக்கும் ஈஸ்ட் எங்கே நிற்கிறது?

கேள்வி: சர்க்கரைக் கரைசலில் கரைத்த ரொட்டி ஈஸ்ட்டை நுண்ணோக்கியில் பார்த்தபோது பல செல்களில் மொட்டு இருந்தது. சில நாள் கழித்துப் பார்த்தால், ஏறக்குறைய எல்லாமே மொட்டில்லாத உருண்டைகளாக இருந்தன. உணவு தீர்ந்தால் ஒவ்வொரு செல்லும் இருந்த நிலையிலேயே நிற்க வேண்டாமா? அவை இறந்துவிட்டனவா?
– உயிரியல் மாணவி ஒருவர்

பதில்: நீங்கள் கண்டது பெரும்பாலும் சாவு அன்று, உணவு குறைவதை உணர்ந்த செல், தனக்குப் பாதுகாப்பான இடத்தில் பகுப்பை நிறுத்திக்கொண்டு ஓய்வுக்குப் போன நிலை.

உணவு நிறைந்திருக்கும்போது ரொட்டி ஈஸ்ட் சுமார் 90 நிமிடத்திற்கு ஒருமுறை இரண்டாகிறது. டி.என்.ஏ. இரட்டிப்பதற்கு முந்தைய ஜி1 கட்டத்தின் இறுதியில் 'ஸ்டார்ட்' என்னும் வாசல் ஒன்று உள்ளது. பகுப்பு நின்றுபோகும் ஈஸ்ட் விகாரங்களை (மரபணு மாறிய வகைகளை) தேடி ஆராய்ந்து அதை அடையாளம் கண்ட லீலண்ட் ஹார்ட்வெல், 2001இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். வாசலுக்கு முன்னால் நிற்கும் செல் காத்திருக்கலாம். தாண்டிய செல்லோ, உணவு குறைந்தாலும் பொதுவாக டி.என்.ஏ.வை இரட்டித்து, மொட்டைச் சேய்ச்செல்லாக வளர்த்துப் பிரித்துவிட்டு, அடுத்த சுற்றின் வாசலில்தான் வந்து நிற்கும். எல்லாம் ஒரே நிலையில் தென்பட்டதற்குக் காரணம் இதுவே.

வாசலைப் பூட்டி வைத்திருப்பது டபிள்யூஎச்ஐ5 என்னும் புரதம். அதைத் திறக்க உதவுவது சிஎல்என்3 என்னும் மற்றொரு புரதம். இந்தச் சிஎல்என்3 சில நிமிடங்களிலேயே சிதைந்துபோவதால், செல் அதை ஓயாமல் புதிதாகத் தயாரிக்க வேண்டும். உங்கள் கரைசலில் சர்க்கரை மட்டுமே இருந்திருந்தால், முதலில் தட்டுப்பாடு வந்தது நைட்ரஜனுக்காகத்தான் இருக்கும். நைட்ரஜன் குறையும்போது டார்க்1 என்னும் புரதக் கூட்டமைப்பின் செயல் தளர்கிறது, அதனால் புரத உற்பத்தி சரிகிறது, சிஎல்என்3 அளவும் விழுகிறது, பூட்டு திறப்பதில்லை. ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து கிடைத்த ராபமைசின் இந்தக் கூட்டமைப்பை முடக்குகிறது. அந்த மருந்தைக் கொடுத்தால், வயிறாரத் தின்னும் ஈஸ்ட்கூடப் பட்டினி கிடப்பதுபோல ஜி1 கட்டத்தில் நின்றுவிடும். பசி என்பது செல்லுக்குள் ஒரு செய்தியாகவே பரவுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

வளமான நாளில் அடக்கி வைக்கப்பட்டிருந்த ரிம்15 என்னும் நொதியும் அப்போது விடுபட்டு, ஓய்வுக்கான ஏற்பாடுகளைத் தொடங்கிவைக்கிறது. செல்லில் கிளைக்கோஜன், டிரெஹலோஸ் என்னும் சேமிப்புச் சர்க்கரைகள் சேர்கின்றன, சுவர் தடிக்கிறது, வெப்பத்தைத் தாங்கும் திறன் கூடுகிறது.

ராஸ்2 மரபணுவில் ஏற்படும் ஒரு விகாரம், 'உணவு இருக்கிறது' என்ற செய்தியை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். அத்தகைய செல்கள் பட்டினியிலும் உரிய இடத்தில் நிற்பதில்லை, சேமிப்பதுமில்லை; விரைவில் மடிகின்றன.

உங்கள் செல்களின் நிலையை நீங்களே சோதிக்கலாம். ஒரு துளி கரைசலுடன் நீர்த்த மெத்திலீன் நீலத்தைச் சேர்த்துப் பாருங்கள்: இறந்தவை நீலமாகும், உயிருள்ளவை நிறமற்று நிற்கும். மீதியைச் சத்துள்ள புதிய ஊடகத்தில் விட்டால், சில மணி நேரத்தில் மொட்டுகள் மீண்டும் தெரியும்.