அந்தரங்கம் வசதியானவர்களின் கவலையா?

கேள்வி: இணையம் வந்தபிறகு அந்தரங்கமே போய்விட்டது என்று ஆளாளுக்குப் புலம்புகிறார்கள். நான் ஒரு தப்பும் செய்யவில்லை, மறைக்கவும் ஒன்றுமில்லை. என் விவரத்தை யார் எடுத்தால் எனக்கென்ன? இதெல்லாம் வசதியானவர்களின் கவலை. அதுவும், அடுத்தவர் வீட்டு விஷயத்தை அச்சடிக்கும் பத்திரிகைகள் இதைப் பேசலாமா?
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: வசதியானவர்களின் கவலை என்ற இதே வாதத்தை 2017-இல் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் வைத்தது. ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கு அது. அந்தரங்க உரிமை அடிப்படை உரிமைதான் என்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். ஏழைக்குச் சோறு கிடைத்தால் போதும், உரிமை எதற்கு என்ற பேச்சையும் அவர்கள் ஏற்கவில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் ஜார்க்கண்ட் அரசின் இணையதளம் ஒன்றில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியதாரர்களின் ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கு விவரமும் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தன. முதியோர் உதவித்தொகையை நம்பி வாழ்கிறவர்கள் அவர்கள். வசதியானவர்களா?

கடன் செயலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். கொரோனா காலத்தில் ஐயாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்காக அவற்றைப் போனில் இறக்கியவர்கள், தொடர்பு எண்களைப் பார்க்கலாமா, படங்களைப் பார்க்கலாமா என்று கேட்டதற்கெல்லாம் சரி என்று அழுத்தினார்கள். மறைக்க ஒன்றுமில்லை என்றுதான் அவர்களும் நினைத்திருப்பார்கள். தவணை தவறியதும் போனில் இருந்த மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் அழைப்பு போனது. பெண்களின் முகத்தை ஆபாசப் படத்தில் ஒட்டி உறவினர்களுக்கு அனுப்பினார்கள். அவமானம் தாங்காமல் உயிரை விட்டவர்களும் உண்டு. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்தது 2022 செப்டம்பரில்தான். கடன் வாங்காதவர்களின் எண்களும் அதற்குள் போய்விட்டன. என் விவரம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். உங்கள் போனில் இருப்பது உங்களுடையது மட்டும்தானா? அக்கா தங்கையின் எண், மகளின் படம், நண்பர் நம்பி அனுப்பிய மருத்துவ அறிக்கை எல்லாம் அதில் இருக்கும். அவர்கள் சார்பில் 'எனக்கென்ன' என்று சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை.

அடுத்து, தப்பு செய்யாதவருக்கு என்ன பயம் என்கிற பேச்சு. 2024 டிசம்பரில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு ஆளானார். துணிந்து புகார் கொடுத்தார். முதல் தகவல் அறிக்கை காவல்துறை இணையதளத்திலிருந்து வெளியே வந்து, அவரது அடையாளத்தோடு சுற்றியது. பாலியல் குற்ற வழக்குகளில் அந்த அறிக்கையை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016-லேயே சொல்லியிருந்தது. புதிய குற்றவியல் சட்டத்துக்கு மாறியபோது ஏற்பட்ட தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் வந்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு தரும்படி சென்னை உயர் நீதிமன்றம் அரசுக்கு உத்தரவிட்டது. பணத்தைக் கொடுத்துவிடலாம். வெளியே போன பெயரைத் திரும்ப அழைக்க முடியாது. அந்தப் பெண் செய்த தப்பு என்ன? அந்த அறிக்கையை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டவர்களை நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது. இன்னொரு பெண் காவல் நிலையப் படியேறுவதற்கு முன் இதைத்தானே நினைத்துப் பார்ப்பாள்?

பத்திரிகைகளைப் பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை வெளியிடுவது குறித்து நக்கீரன் ஆசிரியர் தொடுத்த வழக்கில் 1994-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே கோடு கிழித்தது. வெளிவருமுன்பே அரசு தடுக்க முடியாது. அதிகாரிகள் தங்கள் பணி பற்றிய விமர்சனத்துக்கு அந்தரங்கத்தைக் காரணம் காட்ட முடியாது. அதே சமயம், ஒருவரின் குடும்பம், திருமணம், தாய்மை பற்றி அவர் சம்மதமில்லாமல் எழுதக் கூடாது, எழுதுவது உண்மையாக இருந்தாலும். பொது ஆவணத்தில் உள்ளதை எழுதலாம். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணின் பெயரை அப்போதும் வெளியிடக் கூடாது. இந்தக் கோட்டைத் தமிழ்ப் பத்திரிகைகள் பலமுறை தாண்டியிருக்கின்றன. நீங்கள் கேட்கத்தான் வேண்டும்.

ஆனால் 2023-இல் வந்த மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதைத் தலைகீழாக்குகிறது. பொது நடவடிக்கையோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிப்பட்ட விவரங்களைத்தான் மறுக்கலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் இருந்த நிபந்தனையை அது எடுத்துவிட்டது. இனி 'தனிப்பட்ட தகவல்' என்று சொல்லியே ஓர் அதிகாரி கதவை மூடலாம். பொதுநலன் பெரிது என்று அலுவலகம் ஒப்புக்கொண்டால்தான் திறக்கும். உங்கள் விவரத்துக்கோ அந்த அக்கறை இல்லை. மத்திய அரசு தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு முழு விலக்கே தரலாம். பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. அந்தப் பணம் போவது அரசு கஜானாவுக்கு. பாதிக்கப்பட்டவர் நிறுவனத்திடம் இழப்பீடு கேட்க வழி செய்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவையும் இந்தச் சட்டம் நீக்குகிறது.

இழப்பீட்டுப் பிரிவும் தகவல் உரிமைச் சட்டத்தின் பழைய நிபந்தனையும் திரும்ப வர வேண்டும். உங்கள் தொகுதிக்கு ஓட்டுக் கேட்டு வரும் நாடாளுமன்ற வேட்பாளரிடம் இந்த இரண்டையும் பெயர் சொல்லிக் கேளுங்கள்.